நூதனசாலைக் குடுவைகளும் மறைந்த தவளைகளும்

நூதனசாலைக்குச் செல்வோர் யானையின் என்புக்கூட்டையும் பஞ்சடைத்த பறவைகளையும் கண்டு வியந்து மீள்வர். ஆயின், பொதுமக்கள் காணாத அறைகளில், வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட கண்ணாடிக் குடுவைகளுள், தவளைகளும் பல்லிகளும் பாம்புகளும் நிறமிழந்து கிடப்பதைப் பலர் அறியார். அழகற்ற இத்தொகுதிகளால் விளையும் பயன் யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பறவையின் தோலை உரித்து உலர்த்தி வைக்கலாம். வண்ணத்துப்பூச்சியை ஊசியிற் குத்தி உலர விடலாம். தவளையின் மெல்லிய ஈரத்தோலோ உலர்ந்தவுடன் சுருங்கி உருவிழந்துவிடும். ஆதலின், ஈரூடகவாழ்வனவும் ஊர்வனவும் பெரும்பாலும் திரவத்திலேயே பேணப்படுகின்றன. முதலில் 10 சதவீதப் போமலின் கரைசலில் உடலை இறுகச் செய்து, பின் நீரிற் கழுவி, ஏறக்குறைய 70 சதவீத அற்ககோலில் இடுவர். போமலின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் வழக்கிற்கு வந்தது. அதற்கு முன்னைய சேகரிப்பாளர் சாராய வகைகளையே பயன்படுத்தினர். போமலின் பரம்பரைப் பொருளாகிய டி.என்.ஏ.யைச் சிதைப்பதால், இக்காலத்தார் சிறிதளவு இழையத்தை முன்னரே வெட்டியெடுத்து வேறாகச் சேமிக்கின்றனர்.

உடலைக் காட்டிலும் அதனோடு கட்டப்பட்ட சிறு சீட்டே சிறப்புடையது எனலாம். பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர் ஆகியவை அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். சீட்டிழந்த மாதிரி முகவரியிழந்த கடிதத்தை ஒக்கும். இனமொன்றுக்கு முதன்முதலிற் பெயரிடும்போது ஆதாரமாகக் கொள்ளப்பட்ட மாதிரி ‘மூலமாதிரி’ எனப்படும். அப்பெயர் எவ்வுயிரைக் குறிக்கின்றது என ஐயம் எழுமிடத்து, அறிஞர் அதனையே சான்றாகக் கொள்வர்.

இதன் இன்றியமையாமைக்கு எமது நாடே எடுத்துக்காட்டு. இலங்கையிற் பிறந்த இராணுவ வைத்தியரான கெலாட், 1853இல் மலைநாட்டு மரத்தவளையொன்றை விபரித்து அதற்குப் பெயரிட்டார். அதன் மூலமாதிரி பின்னர் காணாமற் போயிற்று. தவளையும் எவர் கண்ணிலும் படாமையால் அழிந்ததாகவே கருதப்பட்டது. சிவனொளிபாதமலைக் காட்டில் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 2013இல் வெளியானபோது, ஒப்பிட மூலமாதிரி இன்மையால், பழைய விபரிப்பைத் துணைக்கொண்டு அதனை இனங்கண்டு, புதிய மாதிரியொன்றை அதனிடத்தில் நிறுவவேண்டியதாயிற்று.

மற்றொரு செய்தி இதனினும் துயரமானது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையிற் பிடிக்கப்பட்டு இலண்டன் நூதனசாலையிற் பேணப்பட்ட தவளைகளை ஆய்வாளர் புதிதாகச் சேகரித்தவற்றோடு ஒப்பிட்டனர். அவற்றுட் சில, இன்று உயிரோடிருக்கும் எவ்வினத்தோடும் பொருந்தவில்லை. அவ்வாறான இரண்டு இனங்கள் 2007இற் பெயர் பெற்றன. பெயர் சூட்டப்பட்ட நாளிலேயே அவை அழிந்துபோனவையாகக் கருதப்பட்டன! கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைக்காடுகள் வெட்டப்பட்ட காலத்தில் மறைந்த உயிர்களுக்கு அக்குடுவைகளே எஞ்சிய சாட்சி. அவை இல்லையேல், இழந்தோம் என்பதையும் அறியாதிருந்திருப்போம்.

பழைய மாதிரிகள் பிடித்தவர் கருதாத வினாக்களுக்கும் விடை பகர்கின்றன. தவளைகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் கைத்திரிட் பங்கசு 1999இலேதான் பெயரிடப்பட்டது. எனினும், அதற்கு முன்னர் மத்திய அமெரிக்கப் பகுதியிற் சேகரிக்கப்பட்டிருந்த மாதிரிகளின் தோலைப் பரிசோதித்த ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று. அப்பங்கசு 1970களில் தென் மெக்சிக்கோவிலும், 1980களில் குவாத்தமாலாவிலும், அத்தசாப்தத்தின் பிற்பகுதியிற் கொஸ்தா றிக்காவின் மொன்ரிவேர்டே மலையிலும் தோன்றிய முறையை அது காட்டியது. தவளைகள் அருகிய காலமும் அதனோடு ஒத்திருந்தது. அம்மலைக்கே உரிய பொற்தேரை இறுதியாகக் காணப்பட்ட ஆண்டு 1989 என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அறிவின் பொருட்டு உயிரைக் கொல்லுதல் தகுமோ எனச் சிலர் வினவுவர். அவ்வினா நியாயமானதே. அருகிவரும் இனங்களை வரையறையின்றிப் பிடித்தல் எவ்வாற்றானும் ஏற்புடைத்தன்று. ஒளிப்படமும் ஒலிப்பதிவும் சிறிதளவு இழையமும் போதுமான இடங்களில் அவற்றோடு அமைதலே முறை. ஆயினும், உள்ளுறுப்புக்களையும் உணவையும் நோயையும் ஒளிப்படம் காட்டாது. ஏற்கெனவே கொல்லப்பட்டவற்றைப் பாழாக விடுவதோ இரட்டைக் குற்றமாகும்.

பாழாதல் எளிது. அற்ககோல் ஆவியாகும், சீட்டின் எழுத்து மங்கும், ஒரு தீ அனைத்தையும் அழிக்கும். பிரேசிலின் சாவோ பவுலோ நகரிலுள்ள பூத்தந்தான் நிறுவகத்தில் 2010 மே மாதம் மூண்ட தீயில் 70,000இற்கு மேற்பட்ட பாம்பு மாதிரிகள் சிக்கின. பல தலைமுறையாகச் சேர்த்த செல்வத்தின் பெரும்பகுதி ஒரே நாளில் அழிந்தது.

கொழும்பு நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. அதன் பணிப்பாளராயிருந்த தெரணியகல போன்றோர் இந்நாட்டு ஊர்வனவற்றை ஆராய்ந்து அரிய நூல்களை எழுதினர். அம்மரபைத் தொடர விரும்பும் மாணவர், தாம் காண்பதை இடமும் நாளும் தவறாது குறித்துவைக்கும் பழக்கத்தை இன்றே தொடங்குவாராக. ஒருவர் இன்று எழுதும் சிறு குறிப்பு, நூறாண்டின் பின் ஓரினத்தின் இறுதிச் சான்றாகவும் ஆகக்கூடும்.