அயல் காணியிலிருந்து வரும் தீங்கு: சுன்னாகம் கிணறுகளும் சட்டமும்

குச்சவெளியில் ஒரு காணியில் நடப்பது அடுத்த காணிக்குப் போய்ச்சேர அதிக காலம் எடுக்காது. கடலுக்கும் களப்புக்கும் இடையில் கிடக்கும் மணல் நிலம், அதற்குக் கீழே ஆழமில்லாத நன்னீர். மேலே கம்பி வேலி போடலாம், கீழே போட முடியாது. ஒரு வீட்டு மலசலகூடக் குழி அடுத்த வீட்டுக் கிணற்றைக் கெடுக்கும். உப்பளத்து உவர்நீர் கசிந்தால் பக்கத்து வயல் கருகும். இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தாங்கள் இல்லாத காலத்தில் அயலில் யார் எதைக் கட்டினார்கள், எதைப் புதைத்தார்கள் என்று சாட்சி சொல்ல ஆளில்லை.

“என்ர காணிக்குள்ள நான் என்னவும் செய்வன்” என்பது வேலிச் சண்டைகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. எந்தச் சட்டமும் அதை முழுதாக ஏற்பதில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர் எதை நிரூபிக்க வேண்டும் என்பதில் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் இருக்கிறது.

இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி தன் ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டுவித்தார். அடியில் பழைய சுரங்கக் குழிகள் இருந்தன. 1860 டிசம்பரில் நீர் அவற்றின் வழியே இறங்கி, பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸிடம் கவனயீனம் எதுவும் இருக்கவில்லை, வேலையைச் செய்தவர்கள் ஒப்பந்தக்காரர்கள். அப்படியிருந்தும் 1868இல் பிரபுக்கள் சபை அவரையே பொறுப்பாக்கியது. தப்பினால் தீங்கு செய்யக்கூடிய ஒன்றைத் தன் நிலத்துக்குக் கொண்டுவந்து, அந்த நிலத்தின் இயல்பான பயன்பாட்டுக்குப் புறம்பாக வைத்திருப்பவர், அது தப்பினால் பதில் சொல்ல வேண்டும். தவறு யாருடையது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. இதைத்தான் கண்டிப்பான பொறுப்பு என்கிறார்கள். (அதே இங்கிலாந்து 1994இல், கேம்பிரிட்ஜ் நகரின் குடிநீர்க் கிணறு தோல் பதனிடும் ஆலையின் இரசாயனத்தால் கெட்ட வழக்கில், இப்படியான சேதம் வருமென்று முன்கூட்டியே அறிந்திருக்கக்கூடியதாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்லி அந்த விதியை இறுக்கியது. கிணற்றுக்காரர் தோற்றார்.)

இலங்கையில் இந்த விதி அப்படியே செல்லாது. நமது தீங்கியல் சட்டத்தின் அடிப்படை உரோம–டச்சுச் சட்டம். நட்டஈடு கேட்பவர், எதிராளி வேண்டுமென்றோ கவனயீனமாகவோ நடந்தார் என்று பொதுவாகக் காட்டியாக வேண்டும். தீங்கை நிறுத்தும் தடையுத்தரவு மட்டும் கேட்டால் நிலைமை கொஞ்சம் இலகு. அயலவர் ஒருவர் நியாயமாகப் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவை அது தாண்டியதா என்பதே அங்கு முக்கியமான கேள்வி. மழைநீரை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுக்காணியிலிருந்து இயல்பாக வழியும் வெள்ளத்தைத் தாழ்ந்த காணிக்காரர் ஏற்க வேண்டும். மேலே இருப்பவர் வாய்க்கால் வெட்டி அதை ஒரே முனையில் திருப்பிவிட்டால் அது வேறு கதை.

சரி, நிலத்துக்கு அடியில் வந்த தீங்கை ஒரு சாதாரணக் குடும்பம் எப்படி நிரூபிக்கும்? சுன்னாகம் இதை முழுதாக அனுபவித்தது. அங்கிருந்த மின்னிலையச் சுற்றாடலில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2015இல் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனத்தின் மின் உற்பத்தியை நிறுத்தக் கட்டளையிட்டது. ஆபத்தான மாசு இல்லை என்று வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு சொன்னது. கிணற்று நீரை மணந்து பார்த்த சனம் அதை நம்பவில்லை. போர்க்காலத்தில் அந்த வளவில் எண்ணெய்த் தாங்கி தாக்கப்பட்டு எண்ணெய் வெளியேறியதும் ஊரறிந்த விடயம். எந்த எண்ணெய் யாருடையது?

அதே 2015இல் சூழலியலாளர் ரவீந்திர குணவர்தன காரியவசம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி, நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பில், மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டின்படி நிறுவனம் 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. அதிகபட்சம் 500 பேருக்குத் தலா 40,000 ரூபாய். இழப்பின் ஒரு பகுதியையாவது ஈடுசெய்யவே இந்தத் தொகை.

ஒரு கிணறு கெட்ட குடும்பத்துக்கு 40,000 ரூபாய் மிகச் சிறிய தொகை என்பதே என் எண்ணம். ஆனாலும் அந்த வழக்கு போன பாதை கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு கிணற்றுக்காரரும் மாவட்ட நீதிமன்றத்தில் தனித்தனியாக நிறுவனத்தின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. கண்காணிக்க வேண்டிய அரச அமைப்புகளின் தவறும் சேர்ந்து கேள்விக்குள்ளானது. அயலவர் ஒரு சாதாரணக் குடும்பமாக இருந்தால் இந்த வழி கிடையாது. உரிமம் பெற்ற தொழிற்சாலையோ விடுதியோ அரச நிறுவனமோ என்றால் யோசித்துப் பார்க்கலாம்.

காலக்கெடுவில்தான் பலர் தோற்கிறார்கள். தீங்குக்கான நட்டஈட்டு வழக்கை, காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். தொடர்ந்து நடக்கும் தீங்கில் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிவது நல்லது. அடிப்படை உரிமை மனுவுக்கு இருப்பது ஒரு மாதம் மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

பணம் வேண்டாம், நின்றால் போதும் என்பவர்களுக்கு நீதவான் நீதிமன்றம் கிட்டடியில் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு, பொதுத் தொல்லையை அகற்ற நிபந்தனைக் கட்டளை இட நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. விழும் நிலையிலுள்ள மரமும் கட்டடமும்கூட இதற்குள் வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை இங்கு பெரிய பலம். அவரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் முறையிட்டு, திகதி முத்திரை குத்திய பிரதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கிணற்று நீரை ஆய்வுக்குக் கொடுத்தால் அந்த அறிக்கையையும் அதோடு வையுங்கள். உறுதியும் படமும் போரில் தொலைந்திருந்தால், காணி உங்களுடையது என்பதைக் காட்ட வேறு பத்திரங்களையும் இப்போதே தேடத் தொடங்க வேண்டும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்கப்போவது கிணற்றைப் பற்றியல்ல, அந்த உறுதியைப் பற்றித்தான்.