"பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்!"
காயம் சொல்லும் கதையோ வேறு!

சென்னையில் எந்த அரசு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவிலும் இரவு நேரத்தில் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"என்னம்மா ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டர்."

பதில் சொல்வது அடிபட்ட பெண் அல்ல. கூட வந்த கணவரோ, மாமியாரோ முந்திக்கொண்டு சொல்வார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்து கொண்டிருப்பாள்.

அவள் பேசாவிட்டால் என்ன? காயம் பேசும்!

விழுந்தால் எங்கே அடிபடும்?

தானாக விழுந்தவருக்கு முழங்கால், முழங்கை, நெற்றி, உள்ளங்கை என்று துருத்திய இடங்களில், தரையில் ஊன்றிய இடங்களில் அடிபடும். முதுகில் ரெயில் தண்டவாளம் போல இரட்டைக் கோடாகக் கன்றியிருந்தால் அது தடியடி. முன்கையில் வெளிப்புறம் வீங்கியிருந்தால், விழுந்த அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு காயம் நீலமாக, இன்னொன்று பச்சையாக, மற்றொன்று மஞ்சளாக இருந்தால்? எல்லாம் ஒரே நாளில் பட்ட அடி அல்ல. இது டாக்டருக்குத் தெரியும்.

சந்தேகம் வந்துவிட்டால் டாக்டர் சும்மா இருக்க முடியாது. அடிதடி, கத்திக்குத்து, தீக்காயம், விஷம், வாகன விபத்து எல்லாமே 'மெடிக்கோ லீகல் கேஸ்'. ஜனங்கள் பாஷையில் 'போலீஸ் கேஸ்'. முதலில் சிகிச்சை, கையோடு போலீசுக்குத் தகவல். பெரிய ஆஸ்பத்திரிகளில் உள்ளேயே போலீஸ் அவுட்போஸ்ட் இருக்கிறது. அங்கிருந்து சம்பந்தப்பட்ட போலீஸ் நிலையத்துக்குச் செய்தி போகும்.

அந்த ஒரு வரி!

இதற்கென்று விபத்துப் பதிவேடு ஒன்று உண்டு. 'ஏ.ஆர். காப்பி' என்று வக்கீல்கள் கேட்பது இதன் நகலைத்தான். வந்த நேரம், கூட்டி வந்தவர் யார், உடம்பில் அடையாள மச்சம், எங்கே என்ன காயம், அது சாதாரண காயமா, கொடுங்காயமா, எப்படி ஏற்பட்டதாகச் சொல்லப்பட்டது என்று எல்லாம் அதில் எழுதப்படும்.

கடைசியில் சொன்ன அந்த ஒரு வரிதான் கோர்ட்டில் தலையெழுத்தையே மாற்றும். ஆஸ்பத்திரியில் "தெரிந்த 3 பேர் அடித்தார்கள்" என்று சொல்லிவிட்டு, போலீஸ் புகாரில் "5 பேர்" என்றால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக் கொள்வார்.

தீக்காயம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்று கூட வந்தவர்கள் சொன்னதோடு விட முடியாது. நிலைமை மோசமாக இருந்தால் மாஜிஸ்திரேட்டை வரவழைத்து மரண வாக்குமூலம் வாங்க வேண்டும். பேசும் நிலையில், தெளிவோடு இருக்கிறாரா என்று சான்று தர வேண்டியவர் டாக்டர்.

20 கிலோ மீட்டர் தூரத்தில் போன உயிர்

"போலீஸ் கேஸ்னா நாங்க பார்க்க மாட்டோம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!" என்று தனியார் ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்திய காலம் ஒன்று உண்டு.

ஸ்கூட்டரில் போனவர் மீது வேகமாக வந்த கார் மோதியது. வழியே போன ஒருவர் அவரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடினார். "இங்கே இந்த மாதிரி கேசுக்கு அனுமதி இல்லை" என்று, 20 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை வைத்து பரமானந்த் கட்டாரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1989-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. உயிரைக் காப்பதுதான் முதல் வேலை. போலீஸ் நடைமுறைக்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. இது அரசு டாக்டருக்கும் தனியார் டாக்டருக்கும் ஒன்றுதான் என்று கோர்ட்டு கூறியது. டாக்டர்களைப் போலீசார் அனாவசியமாக அலைக்கழிக்கக் கூடாது என்றும் சொன்னது.

இப்போது சட்டம் இன்னும் இறுகிவிட்டது. ஆசிட் வீச்சு, பாலியல் கொடுமைக்கு ஆளானவர் வந்தால் எந்த ஆஸ்பத்திரியும் உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும். போலீசுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். சிகிச்சை தர மறுத்தால் 1 ஆண்டு வரை ஜெயில் அல்லது அபராதம் அல்லது இரண்டும். 2013-ல் வந்த இந்த விதி, 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டங்களிலும் தொடர்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் என்று தெரிந்தும் மறைத்தால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி 6 மாதம் வரை ஜெயில் கிடைக்கும்.

"மானம் போயிடுமே!"

"போலீஸ் வந்தா குடும்ப மானம் போயிடும் டாக்டர், எழுதாதீங்க!" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிற பெண்கள் உண்டு. வீட்டுக்குத் திரும்பியதும் இன்னும் அடி விழுமே என்ற பயம். அந்தப் பயம் பொய் அல்ல.

விஷம் குடித்தவர்களும் "ஜெயில்ல போட்டுடுவாங்க" என்று பயந்து, குடித்தது என்ன என்பதையே மறைக்கிறார்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தானே சரியான மருந்து கொடுக்க முடியும்? தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017-ம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது.

தகவல் கொடுப்பது வேறு; வழக்குப் போடுவது வேறு. போலீசார் வந்து, அடிபட்டவரிடம் விசாரித்த பிறகுதான் மற்றது எல்லாம். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, "இப்போ சொல்லும்மா" என்று டாக்டர் தனியாகக் கேட்டால் பாதி உண்மை அங்கேயே வந்துவிடும்.

அப்போதும் "விழுந்துட்டேன்" என்றே சொன்னால்? அவள் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். கண்ட காயங்களையும் ஒன்று விடாமல் எழுத வேண்டும். 'விழுந்ததாகச் சொல்கிறார், முதுகில் இரட்டைக் கோடாகக் கன்றல்' என்று இரண்டும் பக்கம் பக்கமாகப் பதிவேட்டில் இருக்கும்.

கன்றல் சில வாரத்தில் மறைந்துவிடும். பதிவேட்டில் எழுதியது மறையாது. இன்று வாய் திறக்காத பெண், நாளைக்கு ஒருநாள் துணிந்து கோர்ட்டுப் படி ஏறினால், அவளுக்காகச் சாட்சி சொல்ல அந்தக் காகிதம் காத்திருக்கும்!