வழங்கிப் பதிவுக்கோப்புகளில் தமிழ்ச் சொற்களைக் காணுதல்

மின்னூலகம் ஒன்றின் வாசகர்கள் எந்நூல்களைத் தேடினர் என்பதற்கு முதன்மைச் சான்று, அதன் வழங்கியில் சேரும் அணுகல் பதிவுக்கோப்பாகும். அப்பாச்சி வழங்கியில் ஒவ்வொரு வேண்டுகையும் ஒரு வரி, ஐ.பி. முகவரி, நேரம், கோரிய பக்கம், நிலைக்குறி, பைட்டளவு என்பன அதில் அமையும்.

ஆயின் அக்கோப்பைத் திறந்து ‘தமிழ்’ எனத் தேடுவோர்க்குப் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. மூன்றெழுத்தாலான அச்சொல் ஒருங்குறியில் ஐந்து குறியெண்களாகவும், யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகளாகவும் அமைகிறது. உலாவி ஒவ்வொரு பைட்டையும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரு பதினறும இலக்கங்களுமாக மாற்றி அனுப்புவதால், பதிவில் அது 45 குறிகளாக நிற்கிறது. எனவே கோப்பின் படியொன்றைக் குறிநீக்கம் செய்த பின்னரே தேடுதல் வேண்டும். அப்போதும் ‘கொ’ போன்ற எழுத்தின் உயிர்க்குறி ஒரே குறியெண்ணாகவோ, கொம்பும் காலுமாக இரண்டாகவோ வந்திருக்கலாம். இயல்பாக்கம் செய்யாது எண்ணினால் ஒரு சொல் இரு சொல்லாகக் கணக்கில் ஏறும்.

இவற்றினும் காலமே பெருந்தடை. டெபியன் இயங்குதளத்தின் இயல்பமைப்பில் அப்பாச்சிப் பதிவுகள் நாள்தோறும் சுழற்றப்பட்டு, 14 பழங்கோப்புகளே எஞ்சுகின்றன. பருவ இறுதியில் தரவு கேட்கும் ஆய்வாளர்க்குத் தொடக்க மாதங்கள் கிடைக்கா. அவ்வெண்ணை உயர்த்துமாறு நிர்வாகியிடம் ஆய்வைத் தொடங்கும்போதே கேட்டல் வேண்டும். பெறும் படியில் வாசகரின் ஐ.பி. முகவரிகள் மறைக்கப்பட்டிருத்தலும் வேண்டும்.