இழை – 7: மட்டை அடித்த கைகள்

பருத்தி செடியிலேயே இழையாக வெடித்து நிற்கும்; கொட்டையை நீக்கிவிட்டால் நூற்க உட்கார்ந்துவிடலாம். தேங்காய் மட்டை அப்படி லேசில் இணங்காது. நாருக்கு நடுவே சோறு அடைத்துக்கொண்டிருக்கும்; பெக்டின் என்ற பசை இரண்டையும் பிணைத்து வைத்திருக்கும். அதைப் பிரித்துவிட்டால் கயிற்றுத் தொழிலில் பாதி வேலை முடிந்தது.

கேரளத்தில் மட்டைகளைக் காயலில் 6 முதல் 10 மாதம் அமிழ்த்தி வைப்பார்கள். பாக்டீரியாக்கள் பசையைத் தின்றுவிடும். நாற்றம் ஊரைத் தூக்கும். ஆனால், எடுத்துத் தடியால் தட்டினால் நார் சொன்னபடி கேட்கும்.

மட்டையை ஊறப்போடாமல் கைதிகளை அடிக்கவைத்தே நார் எடுத்த இடம் அந்தமானின் செல்லுலார் சிறை. போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அபர்டீன் பஜாரிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்தார்கள். அலிப்பூர் குண்டு வழக்கில் தண்டனை பெற்று 1909இல் அங்கே கொண்டுபோகப்பட்டவர் அரவிந்தரின் தம்பி பாரீந்திர குமார் கோஷ். மட்டை அடிக்கும் வேலையை ஒரு தொழிலாளியின் நுணுக்கத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

ஆளுக்கு 20 தேங்காயின் உலர்ந்த மட்டை. கட்டைமேல் வைத்து மரச் சுத்தியால் அடித்து இளக்க வேண்டும். மேல்தோலை உரித்து, தண்ணீரில் நனைத்து, மறுபடியும் அடி. சோறு உதிர உதிர நார் மட்டும் மிஞ்சும். அதை வெயிலில் உலர்த்தி, சுத்தம் செய்து, நாளொன்றுக்கு ஒரு சேர், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, ஒப்படைக்க வேண்டும்.

காயல் மாதக்கணக்கில் செய்கிற வேலையை ஒரே நாளில் ஒரு மனிதனின் தோள்பட்டையிடம் கேட்டிருக்கிறார்கள். ஊறப்போட்டிருந்தால் பொழுதும் சுத்தியும் மிச்சமாகியிருக்கும். ஆனால், சிறைக்கு வேண்டியது நார் மட்டும் அல்லவே.

1908இல் வ.உ.சி.க்கு முதலில் விதித்ததும் ஆயுள் நாடுகடத்தல்தான். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையில் அவரைச் சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுற்றவைத்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்ததை அவரே சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். செக்கு அதற்குப் பிறகு வந்தது. செக்கை நினைவில் வைத்த நாம் சணலை மறந்துவிட்டோம்.

கயிறு திரிப்பது அந்தமான் சிறையில் லேசான வேலையாகக் கருதப்பட்டது. இரண்டு புரிகளைத் தனித்தனியே ஒரு பக்கமாக முறுக்கி, சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும். எந்த இழையாக இருந்தாலும் சூத்திரம் இதுதான். தென்னை நாரில் லிக்னின் மிகுதி; அதனால் முரடு, உடுத்த ஆகாது. அதே லிக்னின்தான் கடல்நீரிலும் அதைச் சீக்கிரம் மக்கவிடுவதில்லை. 1859இல் ஜேம்ஸ் டாரா ஆலப்புழையில் ஆலை தொடங்கியபின் அந்த முரட்டு நூல் தறியேறிப் பாயாகவும் மிதியடியாகவும் கப்பல் ஏறியது. இன்று மண் சரியும் மேடுகளில் விரிக்கும் வலைத்துணியும் அதே நூலில் நெய்ததுதான். மட்டையை இப்போது பொள்ளாச்சிப் பக்கம் எந்திரம் அடிக்கிறது.

செல்லுலார் சிறைக்குப் போகிறவர்கள் செக்கைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள்; மட்டை அடித்ததைப் பற்றியும் வழிகாட்டியிடம் கேளுங்கள். அடுத்த வாரம் ஆலப்புழைத் தறிகள்.