கிளிக் குஞ்சின் சிறகு

முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவரும் கோழிக்குஞ்சு, சில மணி நேரத்தில் ஈரம் உலர்ந்து, மஞ்சள் பஞ்சுருண்டையாகி ஓடத் தொடங்குகிறது. கிளிக் குஞ்சுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மரப்பொந்தின் இருளிலே, கண் திறவாமல், ஏறக்குறைய மொட்டை மேனியாகவே அது பிறக்கிறது. பச்சைக்கிளியின் அழகிலே சொக்குகிறவர்கள் இந்தக் குஞ்சைக் கண்டால், "இதுவா கிளி!" என்று முகம் சுளிப்பார்கள். இத்தகைய உருவத்தின் மேல் அந்தப் பச்சைப் பட்டு எவ்வாறு வந்து போர்த்துகிறது?

பறவையின் தோலில் சின்னஞ்சிறு குழிகள் உண்டு. இறகின் பிறப்பிடம் அக்குழிதான். கோழிக்குஞ்சு போன்றவற்றுக்கு அதிலிருந்து முதலில் எழுவது மெல்லிய தூவி. பின்னர் அதே குழியில் மெய்யான இறகு முளைத்து, பழைய தூவியைத் தன் நுனியில் சுமந்துகொண்டே வெளிவருகிறது. பாதி வளர்ந்த குஞ்சின் மேல் அங்கங்கே ஒட்டியிருக்கும் பஞ்சு இதுவே.

முளைக்கும் இறகு பார்வைக்கு ஒரு முள். மேலே உறை, உள்ளே ரத்தம் ஓடுகிறது. நுனி முதலில் உருவாகிறது, அடிப்பகுதி கடைசியில். உறை மெல்ல மெல்ல உதிர, குஞ்சும் அலகால் கோதிக் கோதி அதை அகற்றுகிறது. அப்போது தண்டின் இருபுறமும் இழைகள் விரிகின்றன. அவ்விழைகளில் இன்னும் நுண்ணிய இழைகளும், அவற்றில் கொக்கிகளும் உண்டு. கலைந்த இறகை விரலால் நீவினால் மறுபடி ஒன்று சேர்வது அந்தக் கொக்கிகளின் வேலை.

வர்ணத்தின் கதை இன்னும் விசித்திரமானது. கிளியின் இறகில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையாது. இருப்பது மஞ்சள் சாயம். இறகின் உள்ளமைப்பு ஒளியைச் சிதறச் செய்து நீலத்தைத் தருகிறது. இரண்டும் கலந்து நம் கண்ணுக்குப் பச்சையாகின்றன!

வளர்ச்சி முற்றியதும் ரத்தம் வற்றிவிடும். அதன்பின் இறகு நகத்தைப் போல உயிரற்ற பொருளே. புத்தகத்தில் வைத்த மயிலிறகு குட்டி போடும் என்று காத்திருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நகமாவது தொடர்ந்து வளரும். முற்றிய இறகு வளராது. சேதமுற்றால், அது உதிர்ந்து புதியது முளைக்கும்வரை, பெரும்பாலும் ஓராண்டளவு, பறவை அதைக் கொண்டுதான் காலந்தள்ள வேண்டும்.

ஆகையால் இறகு வளரும் அந்தச் சில வாரங்களே முக்கியமானவை. அச்சமயம் பட்டினியோ பெரும் பீதியோ நேர்ந்தால், அன்று உருவான பாகம் நலிந்து, இறகின் குறுக்கே ஒரு கோடு விழுகிறது. பின்னாளில் இறகு அந்த இடத்தில் எளிதாக முறியும். கூட்டிலுள்ள குஞ்சுக்கு இறகுகள் யாவும் ஏககாலத்தில் வளர்வதால், ஒரு நாளைய துன்பம் பல இறகுகளிலும் ஒரே வரிசையாகப் பதிந்துவிடுகிறது.

பொந்திலிருந்து திருடிய குஞ்சுகளைக் கூடையில் அடைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்களே, அவற்றின் சிறகில் எத்தனை கோடுகள் இருக்கும்! நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படியும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. பறந்துவிடாமலிருக்கச் சிறகை வேறு நறுக்குகிறார்கள். முற்றிய இறகானால் கிளிக்கு வலி தெரியாது. முளைத்துக்கொண்டிருக்கும் இறகில் கத்தரி பட்டாலோ ரத்தம் வழிந்துகொண்டே இருக்கும்.

பொந்திலேயே விடப்பட்ட குஞ்சு ஏறக்குறைய ஏழு வாரத்தில் வெளியே பறந்து வருகிறது. அப்போது அதன் வால் குட்டையாயிருக்கும். கழுத்தில் வளையம் இராது. ஆணா பெண்ணா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லவும் இயலாது. ஆண்கிளியின் கழுத்திலே கறுப்பும் ரோஜாவும் கலந்த ஆரம் முழுமையாய் விழ, அது மூன்று வயதை எட்ட வேண்டும்.