மறந்தவரும் கற்கிறார்

கணினித் திரையில் சீட்டுகள் வருகின்றன. மொத்தம் 4 சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வடிவம்: சதுரம், வட்டம், முக்கோணம், சாய்சதுரம். ஒரு முறைக்கு ஒன்று முதல் மூன்று சீட்டுகள் வரை காட்டுவார்கள். அதைப் பார்த்து மழையா வெயிலா என்று சொல்ல வேண்டும். சொன்னதுமே சரியா தவறா என்று தெரிந்துவிடும். எந்தச் சீட்டும் உறுதியாகக் கைகொடுக்காது. ஒன்று வந்தால் பெரும்பாலும் மழை, இன்னொன்று வந்தால் பெரும்பாலும் வெயில், அவ்வளவுதான். ஆகவே மனப்பாடம் செய்து பெரிய பயன் இல்லை. ஆனாலும் ஆட ஆடத் தேறிவிடுகிறோம். எப்படி என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரிவதில்லை.

பார்பரா நோல்டன், ஜெனிஃபர் மேங்கல்ஸ், லாரி ஸ்குவயர் மூவரும் 1996இல் இந்த ஆட்டத்தை இரு வகை நோயாளிகளிடம் வைத்துப் பார்த்தார்கள். மறதி நோயாளிகள் மற்றவர்களைப் போலவே கற்றார்கள். ஆனால் ஆட்டத்தைப் பற்றிப் பிறகு கேட்டபோது அவர்களுக்குச் சரியாக நினைவில்லை. பார்க்கின்சன் நோயாளிகளிடம் நிலைமை தலைகீழ். திரையில் என்ன வந்தது என்று நன்றாகவே சொன்னார்கள். மழையையும் வெயிலையும் கணிக்கத்தான் வரவில்லை.

நடந்ததை நினைவில் வைப்பது ஒரு வேலை, நடந்ததிலிருந்து தேறுவது வேறு வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து குறைவு. முதல் வேலைக்கு மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் வேண்டும். இரண்டாவதற்கு மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையாட்டம் வேண்டும்; பார்க்கின்சன் நோயில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வரத்து குறைந்து நலிவது அதுதான். ஆட்டம் நீண்டால் இரண்டையும் பிரிக்கும் கோடு இவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை. நல்ல நினைவுள்ளவர்கள் சீட்டுச் சேர்க்கைகளை நினைவில் பிடித்துக்கொண்டு மறதி நோயாளிகளை முந்திவிடுகிறார்கள். இரண்டு அமைப்புகள் தேவையே இல்லை, ஒன்றே எல்லாவற்றையும் விளக்கும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. குவிந்திருக்கும் சான்றுகள் இரண்டு என்ற பக்கமே சாய்கின்றன என்பது என் எண்ணம்.

அப்படி நினைக்க வைப்பவற்றில் ஒன்று, கிரெகரி ஆஷ்பியும் டாட் மேடாக்ஸும் தங்கள் குழுவோடு செய்த சோதனைகள். திரையில் வரும் படங்களை வகை பிரிக்க வேண்டும். வாயால் சொல்லக்கூடிய விதி இருந்தால், சரியா தவறா என்பதைச் சில வினாடி தாமதித்துச் சொன்னாலும் கற்பவருக்குக் குறையில்லை. விதியை மனதில் வைத்துக் காத்திருக்கலாம். இரண்டு அம்சங்களை ஒருசேர எடைபோட வேண்டியிருந்து, வாயால் சொல்ல விதி இல்லாவிட்டால், அதே தாமதம் கற்றலைக் குலைத்துவிடுகிறது. சற்றுமுன் வேலை செய்த நரம்பு இணைப்புகளைத்தான் டோபமின் வலுப்படுத்தும். நேரம் கடந்தால் எதை வலுப்படுத்துவது என்ற தடயம் மங்கிவிடும் என்பது அவர்கள் தரும் விளக்கம். சொல்லித்தர முடியாத பாகுபாட்டைப் பயிற்சியால் பழக்க நினைப்பவர், விடையை உடனுக்குடன் சொல்வதே நல்லது.