பள்ளிக்கரணை: 'சும்மா கிடக்கும்' நிலத்துக்கு என்ன மதிப்பு? வரைபடம் போடும் கணக்கு இதுதான்!

வேளச்சேரி பக்கம் வீடு பார்க்கப் போனால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, 'தண்ணி நிக்குமா?' என்பதுதான். புரோக்கர் 'இந்தத் தெருவுல நிக்காதுங்க' என்பார். பக்கத்து கடைக்காரர் வேற மாதிரி சொல்வார். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் யார் சொன்னது சரி என்பது தெரிந்துபோனது.

இந்தக் கேள்விக்கு பதில் சொல்லும் வேலையைத்தான் உலகின் பல நகரங்கள் இப்போது வரைபடத்திடம் கொடுத்திருக்கின்றன. எங்கே மரம் இருக்கிறது, எங்கே ஏரி இருக்கிறது என்று காட்டுவதோடு அந்த வரைபடம் நிற்காது. அந்த மரமும் ஏரியும் யாருக்கு, என்ன பலன், எவ்வளவு தருகிறது என்பதையும் கணக்கு போட்டுச் சொல்லும்.

மரத்துக்கு விலை போடுவதா?

கேட்க ஒரு மாதிரிதான் இருக்கும். ஆனால் போட்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் 2015-ல் சாலையோர மரங்களைக் கணக்கெடுத்தபோது 6,66,134 மரங்கள் பதிவாகின. ஆன்லைன் வரைபடத்தில் உங்கள் வீட்டு வாசல் மரத்தை தொட்டால் போதும். அது வருஷத்துக்கு எவ்வளவு மழைநீரைத் தடுத்து நிறுத்துகிறது, எவ்வளவு மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது, டாலரில் அதன் மதிப்பு என்ன என்று காட்டும். லண்டனில் அதே 2015-ல் வந்த ஆய்வு, நகரத்தின் 84 லட்சம் மரங்கள் வருஷத்துக்கு சுமார் 13.3 கோடி பவுண்டு அளவுக்குப் பலன் தருவதாகச் சொன்னது.

ஏன் பணமாக மாற்ற வேண்டும்? பட்ஜெட் போடுகிறவர்கள் மேஜையில் ஒரு பக்கம் 'மேம்பாலம், இத்தனை கோடி' என்றும், இன்னொரு பக்கம் 'பசுமை நல்லது' என்றும் இருந்தால் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, கணக்கு எப்படி?

வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் 10 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் அடைத்தால் 83 லாரி. அந்த இடம் முழுக்க கான்கிரீட் என்றால், பத்தில் ஒன்பது பங்கு அப்படியே தெருவுக்கு ஓடும். பூங்காவாக இருந்தால் ஓடுவது பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டரை பங்குக்குள் அடங்கிவிடும். மீதியை மண் குடித்துக்கொள்ளும். மண் களிமண்ணா, மணலா, சரிவு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். நகரத்தை சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இதைப் போட்டால் வெள்ள வரைபடம் ரெடி.

இப்போது பள்ளிக்கரணைக்கு வருவோம். தென்சென்னையின் 30-க்கும் மேற்பட்ட ஏரி, குளங்களின் உபரிநீர் வந்து சேரும் இடம் இது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேரில் பரந்து கிடந்ததாகச் சொல்லப்படும் கழுவெளி இது. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டபோது கணக்கில் வந்தது 1,247.54 ஹெக்டேர்.

ஒரு மனக்கணக்கு போட்டுப் பாருங்க. இந்தப் பரப்பில் ஒரே ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 1,247 கோடி லிட்டர். கிட்டத்தட்ட 0.44 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டி.எம்.சி. அதாவது அதில் எட்டில் ஒரு பங்கு, கதவும் இல்லாமல் ஷட்டரும் இல்லாமல் தானாகவே தேங்கி நிற்கும் (எல்லா இடத்திலும் ஒரே ஆழம் இருக்காது, இது அளவைப் புரிந்துகொள்ள மட்டும்தான்). அந்தத் தண்ணீர் இங்கே நிற்காவிட்டால் காணாமல் போய்விடாது. மடிப்பாக்கத்திலோ வேளச்சேரியிலோ யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் நிற்கும்.

அப்படியென்றால் இதை ஏன் விட்டுவைத்தோம்?

விட்டுவைக்கவே இல்லையே! பெருங்குடி குப்பைக் கிடங்கு சதுப்பு நிலத்துக்குள்ளேயே வளர்ந்தது. பல்லாவரம் - துரைப்பாக்கம் 200 அடி சாலை அதைக் குறுக்கே வெட்டிப் போகிறது. ஐ.டி. கட்டடங்கள் வந்தன, அரசு நிறுவனங்களும்தான் வந்தன. காரணம் ரொம்ப சிம்பிள். பழைய வருவாய்ப் பதிவுகளின் கண்ணில் சதுப்பு நிலம் என்றால் பயன்படாத நிலம். நெல் விளையாது, வரி வராது. பயனில்லாத நிலம் என்று காகிதத்தில் எழுதிவிட்டால், பயன்படுத்த யாராவது வந்துதானே தீருவார்கள்? பலன்களை வரைபடமாக்குவது என்பது ஒரு வகையில் அந்தப் பழைய பதிவேட்டைத் திருத்தும் வேலை.

பச்சையா இருந்தா எல்லாம் நல்லதா?

இங்கேதான் கவனம் வேணும். செயற்கைக்கோள் படத்தில் பச்சையைக் கண்டுபிடிப்பது சுலபம். உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறைய திருப்பி அனுப்பும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் பசுமைக் குறியீடு போடுகிறார்கள். ஆனால் சாக்கடை கலந்த ஏரியை மூடியிருக்கும் ஆகாயத்தாமரையும் அந்தப் படத்தில் நல்ல பச்சைதான். சீமைக்கருவேலமும் பச்சைதான். மாறாக, பூநாரைகள் வந்து நிற்கும் திறந்த நீர்ப்பரப்பில் பச்சையே இருக்காது. பச்சையை மட்டும் தேடும் வரைபடத்தில் பள்ளிக்கரணையின் நல்ல பகுதிதான் ஃபெயில் ஆகும்.

இன்னொரு சிக்கல், சொல்லின் பொருள். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி சென்னையின் வனப்பரப்பு 22.70 சதுர கி.மீ. 'சென்னையில் இவ்வளவு காடா?' என்று ஆச்சரியப்பட வேண்டாம். குறைந்தது ஒரு ஹெக்டேர் பரப்பில், 10 சதவீதத்துக்கு மேல் மரக்கவிகை இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, என்ன மரம் என்பதெல்லாம் கணக்கில்லை. தென்னந்தோப்பும் சேர்ந்துவிடும். தெருமுனையில் ஆட்டோ ஸ்டாண்டுக்கு நிழல் தரும் ஒற்றைத் தூங்குமூஞ்சி மரம் சேராது.

வெப்ப வரைபடத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அது காட்டுவது தரையின், கூரையின் சூடு. நீங்கள் சுவாசிக்கும் காற்றின் சூடு அல்ல. அதிலும் அதிகம் பயன்படும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் நம் ஊரைக் கடப்பது காலை 10 மணியையொட்டி. ராத்திரி 11 மணிக்கு ஷீட் போட்ட வீட்டில் தூக்கம் வராமல் புரளும் குடும்பம் அந்தப் படத்தில் இல்லை.

இதனால் நமக்கு என்ன?

கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் இப்போது மொத்தப் பிரச்னையும் இருக்கிறது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எல்லையும் அதன் தாக்கப் பகுதியும் அறிவியல்பூர்வமாக வரையறுக்கப்படும் வரை, ராம்சர் தளத்திலும் அதைச் சுற்றி 1 கி.மீ. தூரத்திலும் கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. சதுப்பு நிலத்துக்கு இது கவசம். ஆனால் அந்த 1 கி.மீ.க்குள் பேங்க் லோன் போட்டு மனை வாங்கி, மாடி கட்ட விண்ணப்பித்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

தண்ணீர் ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டு ஓடாது. ஒரு பக்கம் 300 மீட்டரில் மேடு இருக்கலாம். இன்னொரு பக்கம் 3 கி.மீ. தள்ளி இருக்கும் வாய்க்கால்தான் உயிர்நாடியாக இருக்கலாம். ஸ்கேலால் போட்ட கோடு முதல் ஆளுக்கு அநியாயம், இரண்டாவது இடத்துக்கு ஆபத்து. சரிவு, மண், வாய்க்கால், மழை எல்லாவற்றையும் வைத்துப் போட்ட வரைபடம் வந்தால்தான் இரண்டு பேருக்கும் பதில் கிடைக்கும். அது தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் ஒருவர் வட்டி கட்டுகிறார்.

மனை வாங்கும் முன்...

இந்தப் பக்கம் இடம் பார்ப்பவர்கள் சர்வே எண்ணை வைத்துச் செய்யக்கூடிய இரண்டு வேலைகள் இருக்கின்றன. தமிழக அரசின் இ-சேவை நிலப்பதிவு தளத்தில் பட்டாவோடு 'அ' பதிவேட்டையும் புலப்பட வரைபடத்தையும் எடுத்துப் பார்க்கலாம். அது நீர்நிலையா, புறம்போக்கா, ஓரத்தில் வாய்க்கால் போகிறதா என்பது அதில் இருக்கும். சி.எம்.டி.ஏ.வின் இணையதளத்தில் அதே சர்வே எண்ணுக்கு நிலப் பயன்பாடு என்ன என்று பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுப்பதை நிறுத்திவைத்து, வக்கீலைப் பாருங்கள். அப்படியே ஒரு நடை போய், அந்தத் தெருவில் பத்து வருஷமாகக் குடியிருப்பவரிடம் 2015-ல் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்தது என்றும் கேட்டுவிடுங்கள்.